பொம்மைத் தடைச் சட்டத்துக்கு ஒரு தகப்பனின் திருத்தங்கள்

அனுப்புநர்:
4-பி வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்,
செகந்திராபாத்.

பெறுநர்:
உயர்திரு தாளாளர் அவர்கள்,
விளையாட்டு மைதானம் இல்லாத ஒரு தனியார் பள்ளி (நான்கு மாடி, லிஃப்ட் வசதி உண்டு),
ஹைதராபாத்.

பொருள்: வகுப்பறைகளில் விளையாட்டுப் பொருட்களுக்குத் தடை – வரவேற்பும் சில திருத்தங்களும் – தொடர்பாக.

பார்வை: பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்தே முக்காலுக்கு வந்த தங்கள் சுற்றறிக்கையும், அதன்கீழ் விடியும்வரை குவிந்த கும்பிடு படங்களும்.

ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட சுற்றறிக்கையைப் படித்துப் புல்லரித்துப்போனேன். ஸ்பின்னர், பாப்-இட், ஸ்லைம், ஸ்க்விஷி, பேபிளேட், போக்கிமான் அட்டை, பட்டனை அமுக்கினால் டிராயர் திறக்கும் பென்சில் பாக்ஸ், பழவாசனை அடிக்கும் ரப்பர் என்று ஒன்று விடாமல் பட்டியலிட்டிருக்கிறீர்கள். அரையாண்டுத் தேர்வுக்கு எந்தெந்தப் பாடம் என்பதைக்கூட இவ்வளவு துல்லியமாக எங்களுக்குத் தெரிவித்ததில்லை. பிடிபட்ட பொருள் கல்வியாண்டின் முடிவில்தான் திருப்பித் தரப்படும் என்ற கடைசி வரியில் ஒரு மாவட்ட நீதிபதியின் கம்பீரம் தெரிந்தது.

என் மகளும் இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவள்தான். சான்றுப் பொருள், ஒரு ஸ்பின்னர். கொள்முதல் செய்த இடம், நாம்பள்ளி நுமாயிஷ். உள்ளூர்த் தொழில்களை வளர்க்க வேண்டுமென்று உஸ்மானியா பட்டதாரிகள் 1938இல் தொடங்கிய அந்தப் பொருட்காட்சி, ஜனவரி 1 முதல் பிப்ரவரி நடுப்பகுதிவரை நடந்து, ஹைதராபாத் பிள்ளைகள் கையில் சுழல்வது, மின்னுவது, பீப்பீ என்று ஊதுவது என ஏதாவது ஒன்றைத் திணித்தே வீட்டுக்கு அனுப்புகிறது. அதை இழுத்து மூடச் சொல்லித் தாங்கள் அரசுக்கு ஒரு மனு போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது.

தடை அரைகுறையாக நின்றுவிடக் கூடாதே என்ற கவலையில் கீழ்க்கண்ட திருத்தங்களை முன்மொழிகிறேன்.

திருத்தம் 1: நாடாளுமன்றத்தைக் கண்டித்தல்

இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 என்று ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஆசிரியருக்கு ஒன்றாக வகுப்பறை, குடிநீர், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, நூலகம், விளையாட்டு மைதானம். அதோடு விட்டிருக்கலாம். விளையாட்டுப் பொருட்களையும் ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப வழங்க வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். தாங்கள் பையைத் துழாவி வெளியே எடுப்பதை நாட்டின் சட்டம் உள்ளே வைக்கச் சொல்கிறது. இப்படிப்பட்ட சட்டத்தை வைத்துக்கொண்டு நாட்டில் ஒழுக்கம் எப்படி வளரும்?

மைதானம் பற்றிய வரியைத் தாங்கள் கையாண்ட விதத்தை மட்டும் பாராட்டியாக வேண்டும். பள்ளிக் கையேட்டின் அட்டையில் இருக்கும் பச்சைப் புல்வெளியில் இன்றுவரை ஒரு குழந்தைகூட விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதில்லை. பாதுகாப்பில் நாட்டிலேயே முதலிடம் தரலாம்.

திருத்தம் 2: ஒன்றிய அரசுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ்

2020 ஆகஸ்ட் மாத 'மனதின் குரல்' உரையில் பிரதமரே பொம்மைகளைப் பற்றி நீளமாகப் பேசினார். கொண்டபல்லி, ஏட்டிகொப்பாகா, சென்னபட்டணா, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் பெயர் சொன்னார். தேர்வு நெருங்கும் பிள்ளைகள் கேட்கக்கூடிய பேச்சா அது? 2023 பிப்ரவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் இன்னும் ஒருபடி மேலே போய், 3 முதல் 8 வயதுவரை உள்ள குழந்தைகளுக்காக 'ஜாதுயி பிட்டாரா' என்றொரு மாயப் பெட்டியை வெளியிட்டது. பொம்மை, புதிர், படஅட்டை, கதைப்புத்தகம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பொம்மையை வைத்தே பாடம் நடத்துவது எப்படி என்று என்.சி.இ.ஆர்.டி. ஒரு கையேடும் போட்டிருக்கிறது.

பிடிபட்டதெல்லாம் போய்ச் சேரும் தங்கள் அறை இரும்பு பீரோவும் இன்றைய தேதியில் அப்படியொரு மாயப் பெட்டிதான். பூட்டு மட்டும் கூடுதல்.

தமிழர் சார்பில் ஒரு விதிவிலக்கும் கேட்கிறேன். தஞ்சாவூர் பொம்மைக்கு அனுமதி தர வேண்டும். தலையாட்டும் வகைக்கு மட்டும் போதும். எத்தனை தடவை தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்கும் இன்னொரு வகை உண்டு. அந்தக் குணம் மாணவர்களுக்குத் தொற்றினால் தங்களுக்குச் சிரமம்.

திருத்தம் 3: பிரஷ்யாவைப் பின்பற்றுதல்

ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியர் மரப் பந்து, கனசதுரம், உருளை என்று சில விளையாட்டுப் பொருட்களைச் செய்து, சின்னக் குழந்தைகள் விளையாடியே கற்கட்டும் என்று 1837இல் பிளாங்கன்பர்க் ஊரில் ஒரு நிலையம் தொடங்கினார். கிண்டர்கார்டன் அங்கேதான் பிறந்தது. பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்டன்களையே மொத்தமாகத் தடைசெய்தது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்பப்படுகின்றன என்பது குற்றச்சாட்டு. அரசை உறுத்திய எழுத்து உண்மையில் ஃப்ரோபெலின் சகோதரர் மகனுடையது; அதிகாரிகள் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்கள். தடை 1860வரை நீடித்தது.

தாங்கள் பழவாசனை ரப்பரைப் பிடித்ததற்கே பெருமைப்படுகிறீர்கள். பிரஷ்யா பள்ளிக்கூடத்தையே பிடித்தது. நாமும் துணிய வேண்டும். ஃப்ரோபெல் 1852இல் காலமானார். தடை நீங்கியதை அவர் பார்க்கவில்லை. அவர் கண்டுபிடித்த வகுப்பில் ஒரு எல்.கே.ஜி. இடத்துக்குத் தாங்கள் வாங்கும் நன்கொடையையும் பார்க்கவில்லை. புண்ணியவான்.

திருத்தம் 4: மூலப்பொருள் ஒழிப்பு

கடையில் விற்பதைத் தடுத்தால் பிள்ளைகள் கையால் செய்கிறார்கள். பறிமுதல் நடந்த மறுநாளே 4-பியில் பேனாச் சண்டை ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேனாக்களை மேசைமேல் வைத்து விரலால் சுண்டி, எதிராளியின் பேனாவைக் கீழே தள்ள வேண்டும். ஆகவே பேனாவுக்குத் தடை. நோட்டுத் தாளைக் கிழித்து 'ராஜா, ராணி, போலீஸ், திருடன்' சீட்டு எழுதுகிறார்கள். ஆகவே நோட்டுக்கும் தடை. அடுத்தது புத்தகக் கிரிக்கெட். கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்தால் பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். சமூக அறிவியல் புத்தகத்தில் ரன் நன்றாக வருகிறது என்று என் மகள் சொல்கிறாள். வருடம் முழுவதும் அந்தப் புத்தகத்தை அவள் விரும்பித் திறந்தது அப்போதுதான் என்பதால் எனக்கே மனது கேட்கவில்லை. இருந்தாலும் சட்டம் சட்டம்தான். பாடநூலுக்கும் தடை. அது முடியாதென்றால், பக்க எண் இல்லாமல் அச்சடிக்கும்படி அரசைக் கேட்கலாம்.

அரவிந்த் குப்தா என்பவரைப் பற்றி வாயிற்காவலருக்கு எச்சரிக்கை செய்துவைக்கவும். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த பொறியாளர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் கோத்து வடிவியல் சொல்லிக்கொடுத்தவர். குப்பையில் போகும் சாமானில் பொம்மை செய்து அறிவியல் கற்பிப்பதே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 2018இல் பத்மஸ்ரீ வேறு கொடுத்திருக்கிறார்கள். ஐ.ஐ.டி. பவுண்டேஷன் வகுப்பு நடத்தும் தங்கள் பள்ளிக்குள் ஐ.ஐ.டி.யில் படித்த அந்த மனிதர் நுழைந்தால், கேட்டிலேயே பையைக் காலி செய்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

திருத்தம் 5: பொம்மை என்பதற்கு வரையறை

சுற்றறிக்கையில் வரையறை இல்லை. தங்கள் நடைமுறையிலிருந்து நானே ஒன்று தயாரித்தேன். பேகம் பஜாரில் நாங்கள் முப்பது ரூபாய்க்கு வாங்கும் பிளாஸ்டிக் சக்கரம் பொம்மை. அதே சக்கரத்தோடு ஒரு குட்டி மோட்டாரும் பளபளப்பான கையேடும் சேர்த்துத் தங்கள் கவுண்டரில் நாலாயிரம் ரூபாய்க்கு விற்றால் ரோபோடிக்ஸ் கிட். 2024 மே மாத இறுதியில் ஹைதராபாத் மாவட்டக் கல்வி அதிகாரி, தனியார் பள்ளிகளுக்குள் சீருடை, ஷூ, பெல்ட் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டார். உடனே நம் கவுண்டரின் பெயர்ப்பலகை 'மாணவர் சேவை மையம்' ஆனது. உத்தரவுகளுக்கு இவ்வளவு வேகமாகச் செவிசாய்க்கும் நிர்வாகம் வேறெங்கும் கிடையாது.

பையின் எடையைக் குறைக்கவும் இந்தத் தடை உதவும் என்று எழுதியிருந்தீர்கள். 2017 ஜூலையில் தெலங்கானா அரசு போட்ட ஆணைப்படி 1, 2 வகுப்புகளின் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. 3 முதல் 5 வகுப்புகளுக்கு 2 முதல் 3 கிலோ. பத்தாம் வகுப்புக்கே 5 கிலோதான். தங்கள் கால அட்டவணைப்படி அடுக்கிய பையை என் மகள் தூக்கும்போது, முதுகில் பை போகிறதா, பையில் இவள் போகிறாளா என்று தெரு நாயே குழம்பி நிற்கிறது. அதிலிருந்து ஒரு ரப்பரை எடுத்துவிட்டீர்கள். நன்றி.

திருத்தம் 6: கவனத்தைச் சிதறடிக்கும் பிற பொருட்கள்

பட்டியலில் கீழ்க்கண்டவை விடுபட்டுள்ளன. முதல் பீரியடில், கட்டணம் கட்டாதவர்களின் பெயரை வகுப்புக்கு வகுப்பு வந்து உரக்க வாசிக்கும் அலுவலக ஊழியர். இரண்டாம் பீரியடில், ஆண்டுவிழா நடனத்துக்குப் பாதி வகுப்பை அழைத்துப்போகும் டான்ஸ் மாஸ்டர். மூன்றாம் பீரியடில், பாடம் தொடங்கியதும் சுற்றிக்கொண்டே நிற்கும் ஸ்மார்ட் போர்டு. அதில் சுழலும் வட்டத்தை நாற்பத்தெட்டுப் பேர் வாய்பிளந்து பார்க்கிறார்கள். ஸ்பின்னரை ஒருத்திதான் பார்த்தாள். நான்காம் பீரியடில் புகைப்படக்காரர். 'விளையாட்டுவழிக் கல்வி' என்று முகநூலில் போடுவதற்காக பீரோவைத் திறந்து ஆளுக்கொரு பொம்மை கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படமெடுத்து, எண்ணி வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்கள். என் மகள் கையில் வேறொரு பையனின் பேபிளேட் இருந்தது. அவளுடைய ஸ்பின்னரோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

தாளாளர் ஐயா, வகுப்பு மிஸ்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. பின்னம் நடத்தும்போது மூன்றாம் பெஞ்சில் ஸ்லைம் ஒழுகினால் பாடம் போச்சு. தொடக்க வகுப்பில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது அதே 2009 சட்டம் சொல்லும் கணக்கு; நாற்பத்தெட்டுப் பேரை ஒற்றை ஆளாக மேய்ப்பவர் எதைக் கண்டாலும் பிடுங்கத்தான் செய்வார். ஸ்பின்னரையும் நான் மருந்தென்று சொல்லவில்லை. 2017இல் உலகமே அதைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கவனத்தைக் கூட்டும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பள்ளிகள் தடைசெய்தன. அதே ஆண்டில் ஒரு குழந்தை மருத்துவ ஆய்விதழில் வந்த மதிப்பாய்வு, அந்த விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை என்றது. பாடம் நடக்கும்போது மேசைமேல் அது வேண்டாம் என்று மிஸ் சொன்னால் என் ஓட்டு மிஸ்ஸுக்கே.

ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்குக் கையில் பிசைந்துகொள்ள ஏதாவது இருந்தால்தான் உட்கார முடியும் என்றால் கதையே வேறு. அப்படிப்பட்ட குழந்தைக்குத் தேவையான வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. தங்கள் பட்டியலுக்கு அந்தக் குழந்தையையும் மற்றவர்களையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மிஸ்ஸுக்குத் தெரியும், அவரிடம் யாரும் கேட்கவில்லை.

விளையாட்டு முதலில் மைதானத்தில் குடியிருந்தது. அங்கே புதிய பிளாக் எழும்பியதும் பி.டி. பீரியடுக்கு வீடு மாறியது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்காக அந்த பீரியடைக் கணக்குக்குக் கொடுத்ததும் மதிய இடைவேளைக்கு வந்தது. இடைவேளை இருபது நிமிடமாகச் சுருங்க, வாயிலிருக்கும் சோற்றை விழுங்கவே நேரம் போதவில்லை. வீட்டுக்குப் போனால் அபார்ட்மென்ட் செல்லாரில் 'இங்கே விளையாடக் கூடாது' என்று பலகை, மாலையில் அபாகஸ். போக இடமில்லாமல் அது கடைசியாகப் பென்சில் பாக்ஸுக்குள் ஒண்டிக்கொண்டது. தாங்கள் இப்போது காலி செய்யச் சொல்வது அந்தக் கடைசி ஜாகையைத்தான்.

குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியடை பி.டி. சாரிடமே திருப்பிக் கொடுங்கள். மைதானம் இல்லையென்றால், பக்கத்திலிருக்கும் மாநகராட்சி மைதானத்துக்கு வரிசையாக அழைத்துப்போங்கள். மிஸ் பாடவேளையில் வாங்கிவைத்ததை அன்று மாலை மணி அடித்ததும் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பொம்மை ஓய்ந்த வகுப்பறை தங்களுக்குத் தானாகவே கிடைக்கும். சுற்றறிக்கை போடத் தாள்கூடச் செலவில்லை என்பதால்தான் தடை சுலபமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பதற்கு இடமும் நேரமும் ஓர் ஆசிரியரும் வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாதென்றால் திருத்தம் 7 ஒன்றுதான் மிச்சம்: வகுப்பறைக்குள் குழந்தைகளுக்குத் தடை. அதற்குப் பிறகு கவனம் சிதற வாய்ப்பே இல்லை. கட்டணத்தை நாங்கள் வழக்கம்போலக் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
4-பி மாணவியின் தகப்பன்.

நகல்:
1. பி.டி. சார் அவர்களுக்கு (காலையில் கேட்டில் பை சோதிக்கும் பணியில் இருப்பார்).
2. டான்ஸ் மாஸ்டர் அவர்களுக்கு, தகவலுக்காக.
3. 4-பி மாணவ மாணவியர் அனைவருக்கும். தடிமனான தாள், ஒரு பக்கம் மட்டுமே அச்சு; ராக்கெட் செய்ய ஏற்றது.