கடன் வாங்கத் தெரியாத ஏ-ஒன்

302இல் 178 போனால் மிச்சம் எவ்வளவு? பள்ளத்தூரில் எங்கள் தெருவில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் நோட்டில் விடை 276. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு தப்புக்குறி, கீழே தேதியோடு கையெழுத்து. அடுத்த பக்கத்தில் பெருக்கல் தொடங்கிவிட்டது. அதே பையனின் மதிப்பெண் அட்டையில் கணக்குக்கு வளரறி மதிப்பீடு 40க்கு 38. தரம், ஏ-ஒன்.

நோட்டையும் அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டில் ஒன்று புளுகுகிறது. நோட்டாக இருக்க முடியாது. அதற்கு மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப் வருவதில்லை.

பள்ளியின் பெயர் வேண்டாம். சொன்னால் பாவப்பட்ட ஓர் ஆசிரியருக்கு மெமோ போகும், அவர் விளக்கம் எழுதுவார், கோப்பு மூடப்படும், 276 மட்டும் அப்படியே இருக்கும்.

பையன் சறுக்கி விழுந்த இடத்துக்குக் கடன் வாங்கிக் கழித்தல் என்று பெயர். விழுந்தாலும் எந்த ஊரில் விழுந்திருக்கிறான் பாருங்கள். பள்ளத்தூர் முருகப்ப செட்டியார் குடும்பம் 1900இல் பர்மாவின் மோல்மேனில் லேவாதேவி தொடங்கி, இன்றைக்கு உலகம் அறிந்த தொழில் குழுமமாக நிற்கிறது. இந்த வட்டாரத்துத் தெருக்களில் நிற்கும் தேக்குத் தூண்களில் பாதி, யாரோ வாங்கிய கடனுக்கு யாரோ கட்டிய வட்டி. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பத்திலிருந்து கடன் வாங்கத் தெரியவில்லை. அதற்கு ஏ-ஒன்!

அந்த 276ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரெண்டில் எட்டு போகாது. அதனால் எட்டில் ரெண்டைக் கழித்து ஆறு போட்டிருக்கிறான். சைபரில் ஏழு போகாது. திருப்பிப் போட்டு ஏழு எழுதியிருக்கிறான். மூணில் ஒண்ணு போனால் ரெண்டு. எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று அவனாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அதற்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டு நடந்திருக்கிறான். சட்டசபையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. பையன் மக்கு இல்லை. அவன் மண்டைக்குள் ஒரு தப்பான விதி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, மறுநாள் காலையில் பத்துக் குச்சிகளைக் கட்டுப் போட்டு வைத்துக்கொண்டு அவிழ்த்துக் காட்டினால் அரை மணி நேர வேலை.

வளரறி மதிப்பீடு என்ற பேர் வந்ததே இந்த அரை மணி நேரத்துக்காகத்தான். 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்பவர் இந்த வகையைப் பிரித்துப் பெயர் வைத்தார். பெஞ்சமின் புளூம் அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். 1998இல் லண்டனில் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் ஆய்வுகளை அலசிவிட்டு உறைக்கச் சொன்னது ஒன்றுதான்: பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொண்டதை வைத்துப் பாடத்தை மாற்றினால்தான் அது வளரறி மதிப்பீடு. மாற்றாவிட்டால் அது வெறும் தேர்வு. பேரை எப்படி வைத்துக்கொண்டாலும் சரி.

நம் அரசுகள் அந்தப் பேரை மட்டும் கடனாக வாங்கி வந்தன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 29, பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறதா என்று தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. பருவத்துக்கு நூறு மதிப்பெண். அதில் பருவ இறுதித் தொகுத்தறித் தேர்வுக்கு 60, வளரறிக்கு 40. இந்த நாற்பதும் இருபது இருபதாகப் பிரிந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு ஆங்கிலச் சுருக்கம் எஃப்.ஏ. அதில் (அ) என்றால் செயல்பாடு, (ஆ) என்றால் சிறு தேர்வு.

பிள்ளையின் தப்பைக் கண்டுபிடிக்க வந்த கருவிக்கு நாற்பது மார்க் போட்டார்களே, அன்றைக்கே அதன் கழுத்து அறுந்துவிட்டது. தப்பைக் காட்டினால் மார்க் குறையும் என்றால் எந்தப் பிள்ளை காட்டும்? எந்த ஆசிரியர் எழுதுவார்? ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார். விடைத்தாளில் குறிப்பு மட்டும் எழுதி வாங்கியவர்கள் முன்னேறினார்கள். மார்க் மட்டும் வாங்கியவர்கள் முன்னேறவில்லை. குறிப்போடு மார்க்கையும் சேர்த்துக் கொடுத்தால்? அந்தக் குறிப்பும் பலன் தராமல் போனது. இதற்கு இஸ்ரேல்வரை போக வேண்டாம். திருத்திய தாள் கைக்கு வந்ததும் நம் பிள்ளை முதலில் என்ன பார்க்கிறது? மூலையில் இருக்கும் எண்ணை. அடுத்தது? பக்கத்துப் பையனின் மூலையை.

இனி எஃப்.ஏ. (அ) வளர்ந்த கதைக்கு வருவோம். இந்தப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்று பார்த்தால் விளங்கும். நீர் சுழற்சி, இலை வகைகள், தேசத் தலைவர்கள், உணவுப் பிரமிடு எல்லாம் அச்சிட்டுத் தயாராகத் தொங்குகின்றன. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா தெர்மோகோலை வெட்டுவாள், அப்பா ஃபெவிகால் தேடுவார், பிள்ளை தூங்கும். காலையில் பிள்ளைக்குப் பத்துக்குப் பத்து. மெட்ரிக் பள்ளிகளில் இந்தக் கலை உச்சத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக இந்த மாநிலத்தில் வளரறி மதிப்பீட்டால் யாராவது வளர்ந்திருக்கிறார்கள் என்றால் அது ஜெராக்ஸ் கடைக்காரர்தான்.

அரசுப் பள்ளிக்கு இதில் வேறு கொடுப்பினை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து எழுத்து மறந்த பிள்ளைகளை 2025க்குள் படிக்கவும் கணக்குப் போடவும் வைப்பது நோக்கம். குறை சொல்ல முடியாத நோக்கம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை அறிந்து கற்பிப்பதும் நல்ல யோசனைதான். ஆனால் சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோட்டத்தைப் பார்ப்பதைவிடப் பூக்கணக்கு எடுப்பதில்தான் பிரியம். எஃப்.ஏ. (ஆ) செயலிக்குள் போனது. கல்வித் துறையின் டி.என்.எஸ்.இ.டி. செயலியைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கைபேசித் திரையில் விடையைத் தொடச் சொல்லி, பதிவேற்றி, அடுத்த பிள்ளை. திரை சுற்றிக்கொண்டே நிற்கும். சர்வர் டவுன். ஒரு பிள்ளை திரையைத் தொடும்போது மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? செயலியில் அதற்குக் கட்டம் கிடையாது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்பு, நாற்பது பிள்ளைகள். அறுபது பிள்ளைவரை இரண்டு ஆசிரியர் போதும் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நாலு பாடமென்றே வையுங்கள். நாற்பது பிள்ளை, நாலு பாடம், இரண்டு எஃப்.ஏ., மூன்று பருவம். பெருக்கினால் 960 பதிவுகள். எஃப்.ஏ. ஒன்றுக்குள் வரும் உட்பிரிவுகளை இதில் சேர்க்கவே இல்லை. இந்த இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்குப் போயிருப்பார். மிஞ்சியவரிடம் வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: இன்று மாலைக்குள் முடிக்காத பள்ளிகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது, முடித்ததற்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பவும். அப்புறம் அவர் என்ன செய்வார்? பிள்ளைக்குப் பதிலாகத் தானே திரையைத் தொடுவார். 960 முறை தொட வேண்டிய விரலுக்கு 302இல் 178ஐக் கழித்துக் காட்ட நேரம் எங்கே இருக்கிறது?

இவ்வளவும் பதிவேற்றிய பிறகும் மேலிடத்துக்கு ஆசிரியர் மேல் நம்பிக்கை வரவில்லை. பி.எட். மாணவர்களை அனுப்பிப் பள்ளிகளை மதிப்பிட 2023இல் ஏற்பாடு செய்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் சங்கங்களிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. செயலி வருவதற்கு முன்னால், நோட்டில் மட்டும் எழுதிய காலத்தில், இந்த 38 எங்கிருந்து வந்தது? பருவ முடிவில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தை நினைவில் கொண்டுவந்து, 17, 18, 19 என்று மாற்றி மாற்றி இறக்கிய கைகள் யாருடையவை? செயலி பொய்யைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பொய்யை ஆன்லைனில் ஏற்றியது.

நாடகம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பள்ளத்தூர் பாப்பா என்று பேர் வாங்கி மேடையேறிய மனோரமா வளர்ந்த மண் இது. ஆனால் அவர் மேடையில் நடித்தார், பார்த்தவர்களுக்கும் அது நாடகம் என்று தெரியும். பார்வை நாளில் வகுப்பறையில் நடப்பது அப்படியா? அதிகாரி வருகிறார். சுவரெல்லாம் சார்ட். ஆசிரியர் கேட்கிறார், “புரிஞ்சுதா?” நாற்பது தொண்டையும் ஒரே ராகத்தில், “புரிஞ்சுது டீச்ச்சர்!” தமிழ்நாட்டில் ஒரு நாள் தவறாமல் நடக்கும் ஒரே வளரறி மதிப்பீடு இதுதான். நூற்றுக்கு நூறு தேர்ச்சி. 276 எழுதிய பையனின் குரல் அதில் எல்லோரையும்விட உயர்ந்து கேட்கும்.

அந்தப் பையனின் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஐயாவிடம் போனேன். வயது எண்பதைத் தாண்டியவர். சிறு பிராயத்தில் பினாங்கில் ஒரு லேவாதேவிக் கிட்டங்கியில் கடைநிலைப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஊர் திரும்பியவர். பி.எட். படிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு 276ஐப் பார்த்தார். திட்டவில்லை. திண்ணையில் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“அப்பு, நாப்பத்தொண்ணுல இருபத்தொம்பது போனா?”

பையன் விரலால் திண்ணையில் எழுதிப் பார்த்துவிட்டு, “இருபத்தெட்டு.”

ஐயா தலையை ஆட்டினார். சந்தேகம் தீர்ந்துவிட்டது போலிருந்தது. “சரி, அம்பதுல எட்டு?”

“அம்பத்தெட்டு.”

“அப்படியா! அம்பது ரூவா கொண்டுபோறே. எட்டு ரூவாக்கி முட்டாயி வாங்குறே. கடைக்காரன் உனக்கு அம்பத்தெட்டு ரூவா திருப்பித் தர்றான். அந்தக் கடை எங்கப்பு இருக்கு? நானும் வர்றேன்.”

பையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான். “இல்ல ஐயா, நாப்பத்திரண்டு.” சொல்லிவிட்டு அவனே நோட்டை இழுத்து 276ஐ முறைத்துப் பார்க்கத் தொடங்கினான். ஐயா உள்ளே திரும்பி ஒரு தீப்பெட்டி கொண்டுவரச் சொன்னார், குச்சிகளுக்காக.

மொத்தம் மூன்று கேள்வி, இரண்டு நிமிடம். முதல் கேள்வி, தப்பு தற்செயலா வழக்கமா என்று பார்க்க. இரண்டாவது, அதன் வேர் எங்கே என்று தோண்ட. மூன்றாவது, பையனே அதைப் பிடுங்கிப் போட. செயலியில் பதிவேறவில்லை என்பதால் அரசாங்கக் கணக்கில் இது நடக்கவே இல்லை.

“இதை எங்கே ஐயா படிச்சீங்க?” என்றேன். படித்ததாக எதுவும் அவருக்கு நினைவில்லை. பொழுது சாய்ந்து பெட்டியை அடைக்குமுன் இருப்பை எண்ணிக் குறிப்போடு ஒத்துப்பார்ப்பார்களாம். ஒரு காசு இடித்தாலும் மேலாள் சும்மா விடமாட்டாராம். சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது. எந்த வரியில் இடிக்கிறது என்று பெட்டியடிப் பையன்தான் தேட வேண்டும். கண்டுபிடித்த பிறகு, ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார்களாம். ஒரு காசு இடிப்பதை ஐந்தொகை எடுக்கும் நாள்வரை வளரவிட்டால் தொழிலே படுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் காத்தது தங்கள் சொந்தப் பணம், அதனால் தெரிந்திருந்தது. இங்கே இடிப்பது ஊரார் பிள்ளைகள்.

கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். செயலியில் இருக்கும் கட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை வையுங்கள்: நேற்று பிள்ளைகளிடம் தெரிந்துகொண்டதால் இன்று எந்தப் பாடத்தை மாற்றி நடத்தினீர்கள்? மார்க் வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கு இன்னும் இரண்டு பேரைக் கொடுங்கள். கொடுக்க மாட்டீர்கள். ஆள் போட்டால் சம்பளம் தர வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்று பேர் வைக்கக் காசு தேவையில்லை.

ஐயாவிடம் அந்த மதிப்பெண் அட்டையையும் காட்டினேன். 40க்கு 38. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெட்டியிலே காசில்லை. பேரேட்டிலே வரவு வச்சிருக்கான்” என்றார். “எங்க கிட்டங்கியிலே இப்படி எழுதினவனை அடுத்த ரஜூலாக் கப்பல்ல ஊருக்கு ஏத்தி விட்ருவாக. இப்ப என்ன செய்றாக?”

திண்ணையில் பையன் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: “மாநிலத்திலேயே முதலிடம்னு பாராட்டுச் சான்றிதழ் தர்றாங்க ஐயா.”