பாம்பு போட்ட மாஸ்டர் பிளான்

மதுரையின் முதல் சர்வேயர் ஒரு பாம்பு. பிரளயத்தில் ஊர் எல்லை அழிந்துபோக, வங்கியசேகர பாண்டியன் சொக்கநாதரிடம் முறையிட்டான். சுவாமி தம் கங்கணப் பாம்பை அனுப்பினார். அது ஊரை வளைத்துக் கிடந்து, வாலை வாயில் வைத்து எல்லை காட்டியது. சங்கிலி பிடிக்க ஆள் இல்லை, பட்டாவுக்குக் கவர் இல்லை. அந்த எல்லையை எதிர்த்து யாரும் வழக்குப் போட்டதாகத் திருவிளையாடற் புராணத்தில் இல்லை. பாம்போடு யார் வழக்காடுவது?

அடுத்து, 16-ஆம் நூற்றாண்டில் விஸ்வநாத நாயக்கர். கோயில் நடுவில், அதைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். பெயர் வைக்கக் கமிட்டி போடவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வைத்துவிட்டார்கள்.

திருமலை நாயக்கர் இன்னும் கெட்டிக்காரர். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளி, அழகர் விழாவோடு முடிச்சுப் போட்டார். அறுவடை முடிந்தால்தான் தேர் இழுக்க ஆள் கிடைக்கும் என்பது கணக்காம். அன்றிலிருந்து சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. ஆள் பற்றாக்குறையைத் தேதி மாற்றியே தீர்த்த நிர்வாகம் இது.

உண்மையான டவுன் பிளானிங் ஆபீசர் அந்தத் தேர்தான். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். திண்ணையை ஓரடி நீட்டியவர், கூரையைச் சாய்த்து இறக்கியவர் எல்லாம் முதல் நாளே தாமாகப் பிரித்துக்கொள்வார்கள். அவரிடம் சிபாரிசும் செல்லாது, ஸ்டே ஆர்டரும் செல்லாது. முக்கு திரும்ப முடியாவிட்டால் ஊரே பார்க்க அங்கேயே நிற்பார். மாசி வீதி இன்றும் அகலமாக இருப்பது இவர் தயவு.

1840-களில் கலெக்டர் பிளாக்பர்னுக்குக் கோட்டை மதில் இடைஞ்சலாகப் பட்டது. இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடம் என்றார். ஊர் கடப்பாரையோடு கிளம்பியது. வெளி வீதிகள் பிறந்தன. மேற்பார்த்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் ஆளுக்கொரு தெரு கிடைத்தது. கலெக்டருக்கு ஒரு விளக்குத்தூண். இப்போது அங்கே ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் அவரை நினைப்பதில்லை.

1914-இல் ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிச் சாமான்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. எம்டன் என்றால் சும்மாவா! மனுஷன் வெறுங்கையோடு ஊர் ஊராக நடந்து பார்த்துவிட்டு, இடிப்பதற்கு முன் அங்கே வாழ்கிறவர்களைப் பாருங்கள் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு இடித்தவர்களும் உண்டு.

கடைசிச் சுற்று ரிங் ரோடு. உத்தங்குடியில் கிளம்பி 27 கிலோமீட்டர் வளைந்து, எங்கள் திருமங்கலத்து வாசலில், கப்பலூரில் வந்து முடிகிறது. அதற்கு மாதப் பெயரும் இல்லை, தேரும் இல்லை. பக்கத்திலேயே நாலுவழிச் சாலையில் டோல்கேட் மட்டும் உண்டு. உள்ளூர் வண்டிக்குக் காசு கேட்காதே என்று திருமங்கலத்துக்காரர்கள் மறியல் செய்து செய்து அதுவே ஒரு திருவிழா ஆகிவிட்டது.

இனி எந்த மாஸ்டர் பிளானுக்கும் ஒரே நிபந்தனை போதும். போட்ட ரோட்டில் வருஷம் ஒருமுறை தேர் இழுக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட அதிகாரி முன்வரிசையில், செருப்பில்லாமல், வடம் பிடிக்க வேண்டும்.