அடர் சாம்பலில் போன அரை மார்க்

நேற்று ராத்திரி ஆன்லைன் கல்லூரியில் எனக்கு அரை மார்க் குறைத்துவிட்டார்கள். அரை மார்க்தானே என்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். கேள்வி இதுதான்: ‘கிரே’, ‘டார்க் கிரே’ இரண்டில் எது அடர்த்தியான நிறம்? கண்ணும் அறிவும் உள்ள எவரும் சொல்லும் விடையைத்தான் சொன்னேன். சிவப்பில் பெருக்கல் குறி விழுந்தது. சரியான விடை ‘கிரே’யாம்.

வலைப்பக்கம் எழுதச் சொல்லித்தரும் அடிப்படைக் கோர்ஸ் இது. ஏன் சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். நீங்கள் ஏன் சேர்ந்தீர்கள்? சலுகை பன்னிரண்டு மணியோடு முடிகிறது என்றார்கள், பதினொன்றரைக்குப் பணம் கட்டினோம். வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, கூடவே ரசத்துக்குப் புளி கரைத்து, பச்சை டிக் வந்ததும் பாடம் மண்டையில் ஏறிவிட்டதாக நம்பினோம். சர்ட்டிஃபிகேட்டைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் சித்தப்பா கைகூப்பும் படம் ஒன்று அனுப்புவார். அதற்கு மேல் கல்விக்கு என்ன பயன் வேண்டும்? சரி, டார்க் கிரே விவகாரத்துக்கு வருகிறேன்.

1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் ஹெச்.டி.எம்.எல். (வலைப்பக்கம் எழுதும் மொழி) குறிப் பட்டியலில் நிறத்துக்கென்று ஒரு குறிகூடக் கிடையாது. தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு, அவ்வளவுதான். மனுஷன் நிம்மதியாக இருந்திருக்கிறார். பிறகு வந்தவர்கள்தான் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். முதலில் பதினாறு பெயர். அதில் ‘கிரே’ நட்டநடுச் சாம்பல். பூஜ்யம் கறுப்பு, 255 வெள்ளை என்றால் இது 128. அப்புறம் எக்ஸ் விண்டோ என்ற வேறொரு அமைப்பின் நிறப்பட்டியலை அப்படியே கொண்டுவந்து இதோடு சேர்த்தார்கள். அந்த வீட்டு ‘கிரே’ 190, ‘டார்க் கிரே’ 169. அங்கே கணக்குச் சரி. சேர்க்கும்போது இந்த வீட்டு ‘கிரே’யையும் அந்த வீட்டு ‘டார்க் கிரே’யையும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே, அடர் சாம்பல் சாம்பலைவிட வெளுப்பு. பிழை அவர்களுடையது, மார்க் போனது எனக்கு.

இது ஒன்றுதானா என்று பார்த்தால், ‘டார்க் ஸீ கிரீன்’ என்பது ‘ஸீ கிரீன்’னைவிட வெளுத்துக் கிடக்கிறது. ‘லைம்’ என்று ஒரு பச்சை. அந்தப் பச்சையில் உலகத்தின் எந்த எலுமிச்சையும் காய்த்ததில்லை. அது போக ‘பப்பாயா விப்’, ‘பீச் பஃப்’, ‘லெமன் ஷிஃபான்’, ‘பிளாஞ்சுடு ஆல்மண்ட்’. கடைசியது வெந்நீரில் போட்டுத் தோலுரித்த பாதாம். நிறம் கேட்டால் பலகாரக்கடை விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். 1989-இல் எக்ஸ் விண்டோவுக்காக ஒரு பெயின்ட் கம்பெனியின் மாதிரி அட்டையிலிருந்து எடுத்த பெயர்கள் இவற்றில் பல. சுவருக்கு அடிக்கும் சாயத்துக்கு யாரோ விற்பனைக்காக வைத்த பெயரை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறேன்.

நிறத்துக்குப் பெயர் வைப்பதை நம்மூர்ப் புடவைக் கடையில் வந்து கற்றிருக்க வேண்டும். மாந்தளிர் என்றால் மாந்தளிர். மயில் கழுத்து என்றால், புடவையை மடித்த பக்கம் நீலம், திருப்பிய பக்கம் பச்சை. வெங்காயத் தோல், கத்தரிப்பூ, வாடாமல்லி, அரக்கு, காப்பிப்பொடி எதையாவது சொல்லிப் பாருங்கள். ஏணியில் நிற்கும் பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான கட்டை இழுப்பான். பச்சையில் மட்டும் கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, பாட்டில் பச்சை, ராமர் பச்சை. இவற்றில் எது எதைவிட அடர் என்று என் பெரியம்மா தூக்கத்தில் சொல்வார். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் நெய்த நீலத்துக்கு எம்.எஸ். ப்ளூ என்றே பெயர். அதற்குப் பக்கத்தில் ‘டார்க் எம்.எஸ். ப்ளூ’ என்று வெளிறிய ஒன்றை வைத்துவிட்டு எந்தக் கடைக்காரராவது கடையைப் பூட்டிக்கொண்டு பத்திரமாக வீடு போய்ச் சேர முடியுமா?

“அம்மா, பேரை விடு. ஹெக்ஸ் கோடு போட்டுட்டுப் போயேன்” என்றாள் மகள். ஹெக்ஸ் கோடு என்பது ஆறு இலக்கம். அதில் 1,67,77,216 நிறம் வருமாம். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறத்தை இறக்கிய பிறகும் கேள்வித்தாளில் டார்க் கிரேயைத்தானே கேட்கிறார்கள்?

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. ‘கிரே’யை அமெரிக்க எழுத்தில் எழுதினாலும் பிரிட்டிஷ் எழுத்தில் எழுதினாலும் பிரவுசர் ஏற்றுக்கொள்கிறது. ‘கலர்’ என்பதில் மட்டும் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த அந்த ‘யு’வைப் போட்டால் ஏற்காது. ஏற்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது. புரியாத வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போ என்பதுதான் அதற்கு இட்ட கட்டளையாம். திட்டினால்கூடத் தேவலை. பக்கம் வெள்ளையாகவே நிற்க, ராத்திரி ஒரு மணிக்கு நான் அரைப்புள்ளியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன்.

விடைத்தாளை மறுபடி பார்க்கச் சொல்லி எழுதினேன். உடனே பதில் வந்தது: உங்கள் கற்றல் பயணத்துக்கு வாழ்த்துகள் என்று. எழுதியது மனிதரில்லை என்பது அந்த உற்சாகத்திலேயே தெரிந்தது.

அடுத்த பாடம், ஒரு பெட்டியைப் பக்கத்தின் நடுவில் நிறுத்துவது எப்படி. அதற்கு மூன்று வீடியோ. ‘சென்டர்’ என்று ஒரு குறி இருந்ததாம். போட்டால் நடுவில் வந்து நிற்கும். வேலை இவ்வளவு சுலபமாக முடியக்கூடாது என்று தோன்றியதோ என்னவோ, 1997-இல் வந்த ஹெச்.டி.எம்.எல். 4-இல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். நான் போட்டுப் பார்த்தேன். பெட்டி இன்றைக்கும் அப்பழுக்கில்லாமல் நடுவில்தான் வந்து நிற்கிறது. அதற்கு மார்க் கிடையாதாம்.