மூலைவாட்டாப் படு, தம்பி

வா தம்பி, உக்காரு. பெருங்களத்தூர்ல இருந்து மணிமங்கலம் வரைக்கும் பைக்ல வந்து, "பெருசு, ராத்திரி வெளியில தொங்கித் தூங்க நல்ல எடம் சொல்லு"ன்னு கேக்குற பாரு, அந்தத் தைரியத்துக்கே ஒரு சொம்பு மோர் தரலாம். பையில இருக்கிறது ஹேமக்குங்கிற தொங்கு படுக்கையா? வெலையைச் சொல்லாத, எனக்கு பிரஷர் இருக்கு. எங்க வீட்டுக் கெழவி பழைய நூல் புடவையை உத்தரத்துல முடிஞ்சு நாலு புள்ளைங்களைத் தூங்க வச்சவ. நாலும் ரெண்டு வயசுக்குள்ள தூளியை விட்டு எறங்கி நடந்துடுச்சு. நீ முப்பது வயசுல ஏறப் போற. ஏறு, நல்லா இரு.

தப்புன்னு சொல்லல. 1492ல கொலம்பஸ் கரீபியன் தீவுல போய் எறங்கினப்பவே அங்க ஜனங்க வலையிலதான் தூங்கிட்டிருந்தாங்களாம். கப்பல்காரங்க அதைப் பார்த்துத்தான் பழகினாங்க. அவ்வளவு தூரம் எதுக்கு? ஜிஎஸ்டி ரோட்ல லாரி நிக்கிற எடத்துல குனிஞ்சு பாரு, வண்டிக்கு அடியில கயித்தைக் கட்டி கிளீனர் பையன் தொங்குவான். தாம்பரத்துல இருந்து நாகர்கோவில் போற அந்தியோதயா இருக்கே, முழுக்க முன்பதிவில்லாத பெட்டி, அதுலயும் லுங்கியை முடிஞ்சு தொங்குறவன் உண்டு. அவனுங்க கேம்பிங்னு போட்டோ போடறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

எடம் கேட்டியே. வண்டலூரா? அங்க காடு காப்புக்காடு. பக்கத்துல 602 ஹெக்டேர்ல உயிரியல் பூங்கா, 1985ல இருந்து நடக்குது. உள்ள இருக்கிறவங்களுக்கு தங்க எடமும் சோறும் அரசாங்கமே தருது, வேணும்னா மனு போட்டுப் பாரு. நன்மங்கலமா? அதுவும் காப்புக்காடு. பழைய கல்குவாரிப் பள்ளத்துல கொம்பன் ஆந்தை குடியிருக்கு, அதுக்கு ராத்திரிதான் ஆபீஸ் நேரம். நெடுங்குன்றம் ஏரிக்கரைன்னா காத்து பிச்சுக்கும். ஆனா ஏரியில முதலை இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில ஒண்ணு ரோட்டைத் தாண்டினதை ஊரே வீடியோவுல பார்த்துச்சே! அது பாட்டுக்குப் போற பிராணி, அதைக் கொற சொல்லல. நீதான் அதோட வாய்க்கு எட்டுற உசரத்துல தொங்குவ.

இதை மட்டும் சிரிக்காம கேளு. காப்புக்காட்டுல அனுமதியில்லாம நுழைஞ்சா வழக்கு. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க அத்தனை பேர் செத்ததுக்கு அப்புறம் மலையேத்தத்துக்கு விதியே தனியா போட்டுட்டாங்க. 2024ல இருந்து வனத்துறையே 40 தடத்துல வழிகாட்டி வச்சுக் கூட்டிட்டுப் போகுது. காசைக் கட்டிட்டு மகராசனாப் போயிட்டு வா.

மரத்துக்கு வருவோம். முருங்கை வேணாம். வேதாளமே தன் எடையைப் பார்த்துத்தான் அதுல ஏறும். தென்னை பார்க்க சினிமா மாதிரி இருக்கும். தேங்காய்க்கு மூணு கண்ணு இருந்தும், விழறப்போ கீழ யாரு படுத்திருக்கான்னு பார்க்காது. மயில்கொன்றை பூவுக்கு மட்டும்தான். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடிச்ச அன்னிக்கு இந்தப் பக்கம் அது எப்படி வேரோட சாய்ஞ்சுதுன்னு நீ பார்த்திருக்கணும். வேம்பு நல்லது, மா நல்லது. கட்டறதுக்கு முன்னாடி மேல பாரு, காஞ்ச கெளை இருந்தா நகர்ந்துடு. மெல்லிசு நைலான் கயித்தைச் சுத்தாத, பட்டையை அறுத்துடும். மரத்துக்குச் சோறு அந்தப் பட்டை வழியாத்தான் எறங்குது. அகலப் பட்டை வாரா பார்த்துக் கட்டு.

உன்னை மாதிரி ஆளுங்க துணி காயப்போடற கொடி மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டுவீங்க. கிண்டியில இஞ்சினியரிங் படிக்கிற என் பேத்தி கணக்குப் போட்டுக் காட்டினா. வாரு 30 டிகிரி சாய்வுல எறங்கினா, 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுப்பு. 10 டிகிரிக்கு விறைப்பா இழுத்தா ஒவ்வொரு பக்கமும் 230 கிலோ! நீ 80ஆ? வயித்தைப் பார்த்தா பேத்தி மறுபடி கணக்குப் போடணும் போல. தொய்வா விடு, நாற்காலி உசரத்துக்கு மேல தூக்காத. படுக்கிறப்போ நேரா நீட்டிப் படுத்தா விடிஞ்சதும் வில்லாத்தான் எழுந்திருப்ப. தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம்னு மூலைவாட்டாப் படு. துணி விரிஞ்சு கொடுக்கும், முதுகு சமமாயிடும்.

கொசு? வலை இருக்குன்னு சிரிக்கிறியே. அது மேல இருந்து வர்ற கொசுவுக்கு. கீழ இருந்து வர்றது, முதுகோட ஒட்டி இழுபட்டிருக்கிற மெல்லிசு துணி வழியா நிதானமா ஊசி போடும். ஒரு ஜமக்காளத்தை மடிச்சு முதுகுக்கு அடியில போடு. மாமரத்துல செவ்வெறும்பு இருந்தா கயித்து மேலேயே ஊர்வலம் வரும், ரெண்டு முனையிலயும் வேப்பெண்ணெய் நனைச்ச துணியைச் சுத்து. ஐப்பசி, கார்த்திகையில மழைத்தண்ணியும் அதே வழியா வரும். துணிக்கு முன்னால வாருல ஒரு சணலைத் தொங்க விட்டா அங்கேயே சொட்டிடும்.

ஒரு நல்லதும் இருக்கு. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில படுத்தவனைத்தான் ராத்திரியில கடிக்குது, கடிச்சதே பல பேருக்குத் தெரியறதில்ல. அந்த விஷயத்துல உன் தொட்டில் கெட்டிக்காரத்தனம். ஷூவை மட்டும் கீழ விடாத, கட்டித் தொங்க விடு. எறங்கறப்போ டார்ச் அடிச்சுட்டுக் காலை வை.

நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை அடிச்ச ஊரு இந்த மணிமங்கலம். அவ்வளவு பெரிய சாளுக்கிய ராஜாவே இங்க நிக்க முடியல. நீ ராத்திரி 2 மணிக்கு கொசுக்கடி தாங்காம பைக்கை எடுத்தா ஊர்ல யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

சனிக்கிழமை வா. பின்னால என் தோப்புல ரெண்டு மாமரம் சரியான தூரத்துல நிக்குது. வாடகை வேணாம், விடிஞ்சதும் ரெண்டு பாத்திக்குத் தண்ணி கட்டிட்டுப் போ. சோறு வேணும்னா சாயங்காலம் 6 மணிக்குள்ள சொல்லிடு. அதுக்கு மேல கெழவி அடுப்பு மூட்ட மாட்டா.