கடலைத் தேடிய சித்தப்பா

நாகப்பட்டினத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் அலை வேண்டும், மணல் வேண்டும், சுண்டல்காரப் பையன் வேண்டும். எங்கள் ஜொகூர் பாரு நகரில் மூன்றும் கிடையாது. இருப்பது ஒரு நீரிணை, எதிர்க்கரையில் சிங்கப்பூர். வேட்டியை மடித்துக் கட்டி, கால் நனைக்கத் தயாராக நின்ற சித்தப்பா, "கடல் எங்கேடா?" என்றார். காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், 1855-ல் இவ்வூரைத் தொடங்கிய தெமெங்கோங் தாயெங் இப்ராகிமும் சேர்ந்தே குற்றவாளியானார்.

சரி, கோயிலைக் காட்டிச் சமாளிப்போம் என்று ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். 1922-ல் குடிசையாக இருந்தது, இப்போது சுவர், தூண், விதானம் எல்லாம் கண்ணாடி. மூன்று லட்சம் துண்டுகள் என்கிறார்கள். சித்தப்பா வெளியே வந்து, "அம்மன் ஒருத்திதான். என் தொப்பைதான் எல்லாப் பக்கமும்" என்றார். அன்று மதியம் அரைச் சோறு போதும் என்றுவிட்டார்.

அந்த விரதத்தை லக்சா ஜொகூர் முடித்துவைத்தது. தேங்காய்ப்பால் விட்ட கெட்டி மீன் குழம்பு, அதற்குள் இத்தாலிக்காரனின் ஸ்பெகட்டி. சுல்தான் அபு பக்கார் ஐரோப்பா போய்வந்த ருசி என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, மீன் குழம்பில் நாகைக்காரரை ஏமாற்ற முடியாது. இரண்டாம் தட்டு கேட்டார். தொப்பையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஜாலான் ட்ரூஸில் பழைய சீனக் கோயில். சீனப் புத்தாண்டு மாதத்தில் தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கான்டனீஸ், ஹைனான் என்று ஐந்து கூட்டத்தாரும் ஆளுக்கொரு சாமியைத் தூக்கி ஒரே ஊர்வலமாகப் போவார்கள் என்றேன். "அஞ்சு சாமியும் ஒரே தெருவுலயா? எங்க ஊருன்னா முதல்ல கோர்ட்டுக்குத்தான் போகும்" என்றார் பெருமூச்சோடு.

மழையை வைத்து இங்கே பருவம் சொல்ல முடியாது; வருஷம் பூராவும் மழைதான். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைப் பட்டியல் இருந்தால் துல்லியமாகச் சொல்லலாம். 1924-ல் திறந்த, சிங்கப்பூருக்குப் போகும் எங்கள் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். விடுமுறையில் அதைக் கடக்கும் நேரத்தில் மலாக்காவுக்கே போய்விடலாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சிங்கப்பூர்க் காடியில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டுமென்பது அவர்கள் சட்டம். நெரிசலைப் பார்த்தால் அக்கறையில் போட்ட சட்டம் மாதிரியே இருக்கும்.

மாலையில் நீரிணை ஓரம் நின்று, பாலத்தில் நகராத வண்டிகளைச் சித்தப்பா எண்ணிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பேரும் எதுக்குடா வர்றாங்க?"

"சாப்பிட, சாமான் வாங்க, காடி கழுவ."

"ஏன், அங்க சோறு கிடையாதா?"

"இருக்கு சித்தப்பா. அங்க அஞ்சு டாலர், இங்க அஞ்சு வெள்ளி. ஒரு டாலருக்கு மூணு வெள்ளிக்கு மேல."

விரல் விட்டு ரூபாயில் கணக்குப் போட்டார். ரொம்ப நேரம் போட்டார்.

"அப்போ நிக்கட்டும்" என்றார்.