கரப்பானும் கருப்புக் காகிதமும்

பிளஸ் டூவில் டாக்டர் கனவோடு படித்து, நுழைவுத் தேர்வில் அந்தக் கனவு கலைந்து, மறுபடி இம்ப்ரூவ்மென்ட் எழுத வீட்டில் பணமோ பொறுமையோ இல்லாதவர்கள் வந்து சேர்கிற இடத்துக்கு பி.எஸ்சி. ஜுவாலஜி என்று பெயர். தமிழ்நாட்டில் 1984 முதல் நுழைவுத் தேர்வு நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் "அரை மார்க்குல போச்சு" என்பார்கள். அத்தனை பேருக்கும் எப்படி அதே அரை மார்க்கில் போனது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எங்களுக்குள் இருந்த ஒரே நாகரிகம் அதுதான்.

ஊருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஜுவாலஜி என்றால் பாதி டாக்டர். முதலாண்டு சேர்ந்த கொஞ்ச நாளில் எதிர்வீட்டுப் பெரியம்மா ஆட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "ரெண்டு நாளா இரை எடுக்கல தாயி, என்னன்னு பாரு." நாங்கள் அமீபாவைத் தாண்டி அப்போதுதான் ஈரல் புழுவுக்கு வந்திருந்தோம். எங்கள் சிலபஸில் ஆட்டுக்கு இருந்தது ஒரே வேலை, அந்தப் புழுவைச் சுமப்பது.

புழுவின் கதை பத்து மார்க் கேள்வி. முட்டை தண்ணீரில் பொரிந்தால் மிராசிடியம். அது நத்தைக்குள் புகுந்தால் ஸ்போரோசிஸ்ட். அதற்குள்ளிருந்து ரெடியா, ரெடியாவுக்குள்ளிருந்து செர்க்காரியா. செர்க்காரியா நத்தையை விட்டு வெளியேறிப் புல்லில் ஒட்டிக்கொண்டால் மெட்டாசெர்க்காரியா. அந்தப் புல்லை ஆடு மேய்ந்தால் மறுபடியும் ஈரல். 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாமஸும் ஜெர்மனியில் லூக்கார்ட்டும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். ஒருவரோடு விட்டிருக்கக் கூடாதா? எங்களுக்கு ஒரு பெயர் மிச்சமாகியிருக்கும். பெரியம்மாவிடம் அவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "புழுவப் பத்தி இவ்வளவு சொல்றியே, ஆட்டுக்கு என்ன குடுக்கணும்?" என்றார். அது போர்ஷனில் இல்லை.

வெளியிலிருப்பவர்கள் ஜுவாலஜியை அறிவியல் என்று நினைக்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும், அது ஓவியப் பள்ளி. ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் கோடு, எதிர்ப்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் எங்கள் இளமை கழிந்தது. பென்சிலைச் சாய்த்துத் தீற்றக் கூடாது. நிழல் வேண்டுமென்றால் புள்ளி, இருட்டு வேண்டுமென்றால் இன்னும் நெருக்கமாகப் புள்ளி. ராத்திரி பதினோரு மணிக்கு மண்புழுவின் மேல் புள்ளி வைத்துக்கொண்டிருப்பவளிடம் போய் எதிர்காலத் திட்டம் என்னவென்று கேட்கக் கூடாது. ஒரு தோழியின் ரெக்கார்டைத் திருப்பிப் பார்த்த மேடம், "இதுக்கு எதுக்கு வயிறு வச்சிருக்க?" என்றார். "க்ளைட்டெல்லம் மேடம்." "அது பதினாலாவது கண்டத்துல ஆரம்பிச்சுப் பதினேழுல முடியணும். நீ புழுவுக்கு நடுவுல ஒட்டியாணம் மாட்டி விட்டிருக்க."

இப்படி இருந்த எங்கள் துறையைத் தாங்கியது ஹாஸ்டலில் இருந்த ஹிஸ்டரி மாணவி ஒருத்தி. ஒரு படத்துக்கு இரண்டு முட்டை பப்ஸ். இறாலுக்கு மட்டும் தனி ரேட், ஏனென்றால் அதற்குப் பத்தொன்பது ஜோடி இணையுறுப்புகள், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எங்களைவிட அதிக ஜுவாலஜி அவளுக்குத்தான் தெரியும் என்பது என் அபிப்பிராயம். எங்கள் பேட்ச்சில் அவளுக்கு ஒரு டிகிரி பாக்கி இருக்கிறது.

தியரி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏகாம்பரநாத ஐயரும் அனந்தகிருஷ்ணனும் எழுதிய தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் பஸ்ஸில் சீட் கிடைக்கும், அந்த உபகாரம் உண்டு. ஆனால் கிரெப்ஸ் சுழற்சியை மட்டும் என்னால் மன்னிக்க முடிந்ததில்லை. அமிலம் அமிலமாக மாறி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். அதைக் கண்டுபிடித்த ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் எழுதி அனுப்பியதை 'நேச்சர்' இதழ், கைவசம் ஏற்கெனவே நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன என்று திருப்பி அனுப்பிவிட்டது. மனிதர் அதோடு விட்டிருக்கலாம். வேறு இதழில் போட்டு, 1953இல் நோபல் பரிசு வாங்கி, அப்புறம் எங்கள் வரைக்கும் வந்துவிட்டார்.

ஸ்பாட்டர் என்று ஒரு பரீட்சை உண்டு. வரிசையாகப் பாட்டில்கள், உள்ளே ஃபார்மலினில் ஊறி நிறமெல்லாம் போன ஜீவன்கள். மணி அடித்தால் அடுத்த பாட்டிலுக்கு நகர வேண்டும். கடல் அட்டையும் ஊறிப்போன வெள்ளரிக்காயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எச்.ஓ.டி.யே தடுமாறுவார். மண்டபத்துக்கு டூர் கூட்டிப்போனபோதுதான் உயிருள்ள கடல் அட்டையைப் பார்த்தோம். ரொம்பவும் மிரண்டால் அது தன் குடலையே வெளியே தள்ளிவிடும், பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும் என்று சார் சொன்னார். வைவாவில் எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே கரப்பான். பெரிபிளனேட்டா அமெரிக்கானா. பெயரில்தான் அமெரிக்கா, பூர்வீகம் ஆப்பிரிக்கா, ஜாகை எங்கள் வீட்டு அடுப்படி. "நாளைக்கு ஆளுக்கு ரெண்டு கொண்டு வரணும், உயிரோட, மீசை ஒடியாம" என்று அட்டெண்டர் அறிவித்துவிட்டுப் போவார். விளக்குமாற்றாலேயே பேசிப் பழகிய அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நோகாம வேற பிடிக்கணுமா? ஏண்டி, பேசாம பி.காம். சேர்ந்திருக்கலாம்ல?" என்றாள். ஆனாலும் பிடித்துக் கொடுத்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் ஆணியால் துளையிட்டு, "பசிக்கும்" என்று ஒரு பிஸ்கட் துண்டும் போட்டிருந்தாள்.

பத்து ஜோடித் துளைகள் வழியாக மூச்சு விடுகிற பிராணி அது. இதயத்தில் பதின்மூன்று அறைகள். தலையை எடுத்துவிட்டாலும் பல நாள் கிடக்கும். குளோரோஃபார்ம் பஞ்சில் மயக்கி, மெழுகு ட்ரேயில் பின் குத்தி, இறக்கையை வெட்டி, முதுகுத் தகடுகளை இரண்டு ஓரமும் கத்தரித்து எடுத்தால், பஞ்சு போல வெள்ளைக் கொழுப்பு எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கும். ஃபில்லரால் தண்ணீர் பீய்ச்சிப் பீய்ச்சி அதைக் கழுவ வேண்டும். ஜீரண மண்டலம் வந்தால் அதிர்ஷ்டம், குடல் தானாகவே தெரியும். நரம்பு மண்டலம் வந்தால் அன்றைக்கு ராசி சரியில்லை. குடலை ஒதுக்கி, அடியில் ஓடுகிற அந்த மெல்லிய வெள்ளை இரட்டைக் கோட்டை அறுக்காமல் தூக்கி, கீழே கருப்புக் காகிதத்தைச் செருகி, குண்டூசியில் கொடி கட்டி லேபிள் குத்த வேண்டும். கை நடுங்கினால் போச்சு. 2014இல் யு.ஜி.சி. இந்த அறுவையெல்லாம் வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது அக்கா மகள் கம்ப்யூட்டரில் கரப்பானைத் திறந்து மூடுகிறாள். தவளைகளின் சார்பில் எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அன்டூ பட்டன் உள்ள கரப்பானை என்னால் கரப்பான் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பிராக்டிகலில் நண்பன் ஒருவனுக்கு நரம்பு மண்டலம் வந்தது. அவன் அப்பாவுக்குத் தையல் கடை. எக்ஸ்டர்னல் சுற்றி வந்தபோது அவன் ட்ரேயில் கருப்புக் காகிதத்தின் மேல் நரம்பு பளிச்சென்று கிடந்தது. வகுப்பிலேயே அவ்வளவு சுத்தமான டிஸெக்ஷன் வேறு யாருடையதும் இல்லை. எக்ஸ்டர்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"கேங்க்லியா எத்தனைப்பா?"

"ஒம்பது சார். நெஞ்சுல மூணு, வயித்துல ஆறு."

"எண்ணு."

எண்ணினான். பத்து வந்தது.

"ஒண்ணு கூட இருக்கே?"

"நல்லா சாப்பிட்ட கரப்பான் சார்."

அவர் ஊசி முனையால் ஒரு ஓரத்தைத் தூக்கினார். நரம்பு முழுசாக, பத்து முடிச்சோடு, ஊசியோடு எழுந்து வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் ரொம்ப மும்முரமாகத் தங்கள் கரப்பானைக் கழுவ ஆரம்பித்தோம்.

"என்ன நம்பர் நூலு?"

"நாப்பது சார்."

"அறுபது போட்டிருக்கணும்ப்பா. நாங்கல்லாம் அறுபதுதான் போட்டோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ட்ரேக்கு நகர்ந்தார்.