சீனத்து நிலாவும் கடையநல்லூர்த் தெருவும்

சிங்கப்பூர்
7.10.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

இதைத் தங்கச்சிதான் வாசித்துக் காட்டுவாள். நடுவில் தன் சரக்கைச் சேர்ப்பாள், நம்ப வேண்டாம்.

புரட்டாசி விரதம் ஒழுங்காக இருக்கிறேனா என்று போனில் கேட்டீர்கள். இருக்கிறேன். ஆனால் அதற்குச் சோதனையாகச் சீனர்களின் நிலாத் திருவிழா நேற்று வந்து தொலைத்தது. அவர்கள் கணக்கில் எட்டாம் மாசம் பதினைந்தாம் நாள், பௌர்ணமி. இந்த வருஷம் அவர்களுக்கு ஆறாம் மாசம் இரண்டு தடவை வந்ததால் பண்டிகை அக்டோபருக்குத் தள்ளிப்போய், நேரே என் விரதத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. நீங்கள் மாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தீர்களே, அன்றோடுதான் இவர்களுடைய பேய் மாசமும் முடிந்தது. அந்த மாசம் முழுக்க முன்னோருக்குப் படையல். கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார்கள். ஆடி மாசத்தை இங்கே யார் கொண்டுவந்து இறக்கினார்களோ!

பண்டிகைக்கு லீவு கிடையாது. பலகாரம் மட்டும் உண்டு, பெயர் மூன்கேக். தாமரை விதையை வேகவைத்து, அரைத்து, சர்க்கரையும் எண்ணெயும் விட்டுக் கிளறிய பூரணம். அதன் நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு. அதுதான் முழு நிலாவாம். இனிப்புக்குள் உப்பு முட்டையை வைத்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. பழைய பக்குவத்தில் மேல்மாவுக்குப் பன்றிக் கொழுப்பும் சேரும். ஆச்சி, இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டது, தின்று தெரிந்துகொண்டதல்ல. சைவப் பெட்டி, ஹலால் பெட்டி என்று தனித்தனியாக விற்கிறார்கள். எனக்கு வாய்த்தது சைவம்.

எதிர்வீட்டுச் சீனப் பாட்டி இன்னமும் கையால்தான் செய்கிறார். பூவும் எழுத்தும் செதுக்கிய மர அச்சில் உருண்டையை வைத்து அமுக்கி, அச்சைக் கவிழ்த்து மேசையில் டொக் டொக்கென்று தட்டுகிறார். பூப்போட்ட நிலா பொத்தென்று விழுகிறது. ஒன்றை எட்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு, கூடவே சர்க்கரை போடாத தேத்தண்ணி. முழுசாக ஒன்றைத் தின்கிறவனை இங்கே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பெரிய ஓட்டல்களில் நாலு மூன்கேக் வைத்த பெட்டி எண்பது வெள்ளிக்குப் போகிறது, நம் பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல். பட்டுத்துணி ஒட்டி, இழுப்பறை வைத்த பெட்டி. தாலிச் சங்கிலியை வைக்கலாம்.

தியோச்சியு சீனர்கள் செய்வது வேறு. சேப்பங்கிழங்குப் பூரணத்தை மாவில் சுற்றி எண்ணெயில் பொரிப்பார்கள். மேலே பிரானூர் பார்டர் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகச் சுருள் விரியும். பார்த்ததும் சால்னா எங்கே என்று கை தேடியது.

ராத்திரி சைனாடவுனுக்கு விளக்குப் பார்க்கப் போனேன். தெருவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கூண்டு விளக்குகள். பறக்கிற சேலைத் தலைப்பு போல நாடா நெளிய நிலாவுக்குப் போகிற சாங்-எ என்ற பெண், முயல், மீன், தாமரை எல்லாம் ஓவியமாக. அவள் புருஷன் ஹோ யீ பெரிய வில்லாளி. வானத்தில் பத்துச் சூரியன் காய்ந்தபோது ஒன்பதை அடித்து வீழ்த்தியவன். அதற்குப் பரிசாகக் கிடைத்த சாகா மருந்தை இவள் குடித்துவிட்டு நிலாவுக்கே போய்விட்டாள். குற்றாலம் சித்திர சபையில் நடராசரே சிலையாக இல்லாமல் ஓவியமாகத்தானே நிற்கிறார்? அங்கே சுவரில் தீட்டியது தலைமுறைகளாக இருக்கிறது. இங்கே பண்டிகை முடிந்ததும் ஏணி போட்டுக் கழற்றிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

சீட்டில் விடுகதை எழுதி விளக்கில் தொங்கவிடுவதும் பழைய வழக்கம். விடை சொன்னால் பரிசு. நீங்கள் வந்திருந்தால் கடைக்காரன் திவாலாகியிருப்பான்.

ஓவியத்தில் இருந்த முயலும் நிலாவில் சும்மா இல்லையாம். உரலில் மருந்து இடிக்கிறதாம். அங்கே நம் பாட்டி வடை சுடுகிறாள் என்று எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். வடை தின்று வயிறு கெட்டால் மருந்து பக்கத்திலேயே இருக்கிறது என்று இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டோம். 2013இல் சீனா நிலாவில் இறக்கிய கலத்துக்குச் சாங்-எ என்றும், அதிலிருந்து இறங்கி ஓடிய வண்டிக்கு அந்த முயலின் பெயரும் வைத்தார்கள். நானும் விடவில்லை. 2023இல் நம் சந்திரயான் இறங்கியதையும், திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும், ராக்கெட் எஞ்சினை எங்கள் பக்கத்து மகேந்திரகிரியில்தான் எரித்துப் பார்ப்பார்கள் என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பாட்டி இன்னொரு துண்டு வெட்டி என் வாயை அடைத்தார்.

இனிமேல்தான் முக்கியச் செய்தி. சைனாடவுனில் ஒரு தெருப்பலகையில் என்ன இருந்தது தெரியுமா? கடையநல்லூர்த் தெரு! மேக்ஸ்வெல் சாப்பாட்டுக் கடைகளை ஒட்டி இருக்கிறது. நம் பக்கத்துக் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் இந்தத் தஞ்சோங் பகார் பக்கம்தான் குடும்பத்தோடு வந்து குடியேறியிருக்கிறார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றிருக்கிறார்கள். 1946இல் கடையநல்லூர்க்காரர்களின் சங்கம் இங்கே உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியே தொடங்கியது. நான் என்னவோ நம் பக்கத்திலிருந்து முதன்முதலாகக் கடல் தாண்டியவன் போல வீராப்பாக வந்தேன்! சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயில், 1827இல் நாராயண பிள்ளை கட்டியது. அதன் கோபுரத்தை வைத்துத்தான் பக்கத்துத் தெருவுக்கே பகோடா தெரு என்று பெயர். சீனர்கள் அந்தத் தெருவில் விளக்குக் கட்டுகிறார்கள், அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நிலாவைப் பற்றி எழுதவில்லையே என்பீர்கள். மேகம். அண்ணாந்து பார்த்தவர்களெல்லாம் செல்போனில் விளக்கைத்தான் படம் பிடித்தார்கள்.

எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தீபாவளிக்குப் பதில் மரியாதை செய்யவேண்டும். முந்திரிக்கொத்து போட்டால், மதினியின் தம்பி இந்த மாசம் வருகிறாராமே, அவரிடம் கொடுத்துவிடுங்கள். எண்ணிக் கட்டி, எண்ணிக்கையை எனக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள். அவரை எனக்குத் தெரியும்.

அன்புள்ள,
உங்கள் பேரன்